புள்ளி பதினான்கு

மூன்றாவது தடவையாகவும் சதுரத்துக்குள் மருதோன்றி நின்றபோது எனக்கு வந்தது கோபம். பயம் மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தது.

என்ன தொழில் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கோபம் விளங்காது. றோட்டுக்குப் போடுகிற கிறவல் மண்ணைத் தோண்டி எடுத்த நிலத்தை அப்படியே பள்ளக் கிடங்காக விட்டுப் போக முடியாது. தோண்டுமுன் சீவி ஒதுக்கிய மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, கன்று நட்டு, ஐந்தாம் வருஷம் காடு திரும்பி வந்துவிட்டது என்று ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவன் நான். பெயர் யசோதரன், ஊர் அடம்பன், வயது ஐம்பத்திரண்டு. செடி எண்ணிப் பிழைக்கிறவன் என்று என் மனைவி சொல்வாள், அதில் பொய் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னர், தோண்டத் தொடங்குமுன், இதே நிலத்தில் என்ன என்ன நிற்கிறது என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பதினெட்டு ஏக்கரையும் எண்ண ஏலாது. கைபேசி எழுந்தமானமாக, குலுக்கிப் போட்டது போல, இரண்டு எண் தரும். தெற்கு மூலைக் கல்லிலிருந்து கிழக்கே இத்தனை மீற்றர், வடக்கே இத்தனை மீற்றர். அங்கே போய், இரண்டு மீற்றர் பக்கமுள்ள பிளாஸ்ரிக் குழாய்ச் சதுரத்தைத் தரையில் வைத்து, உள்ளே நிற்கிறதை எல்லாம் பேர் பேராக எழுத வேண்டும். இடத்தை நாமாகத் தெரிவுசெய்யக் கூடாது. நாமாகத் தெரிவுசெய்தால் நிழல் உள்ள இடமாகத்தான் பார்ப்போம், நானும் அப்படித்தான்.

நிலம் மறிச்சுக்கட்டி ஊருக்குப் போகிற வழியில், காட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் கிடந்தது. புரட்டாதி வெயில். சோளகக் காற்று ஓய்கிறதாக இல்லை, வாய் திறந்தால் மண். காலையில் கம்பெனி மேற்பார்வையாளர் வின்சன்ட் கொள்கலன் கந்தோருக்குள் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டே எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்.

"ஐயா, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுத் தாங்கோ. வெளிச் செடி ஏதும் நிண்டால் எழுதி விடுங்கோ, நான் ஆள் விட்டுப் பிடுங்கிறன். அதுக்குப் பிறகு கையெழுத்து வைக்க உங்களுக்கும் சுகம், எனக்கும் சுகம்."

வெளிச் செடி என்றால் அந்தக் காட்டுக்குச் சொந்தமில்லாதது, மனிதர் கொண்டுவந்து வைத்தது. விதிப்படி அது நிற்கக் கூடாது. மருதோன்றி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

உதவிக்குத் தந்த ஆள் நூர்ஜஹான். ஐம்பத்தெட்டு வயது. பக்கத்து விளாங்கேணி மீள்குடியேற்றத்தில் வீடு. ஐந்து வருஷமாக இந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு நடப்பார், மற்ற முனை என்னிடம். அவர்கள் அக்காவைக் கூப்பிடுகிறது போல நான் அவரை ராத்தா என்று கூப்பிட்டேன், அவர் என்னை சேர் என்றார். கதை குறைவு. அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்ய எனக்குப் பிடிக்கும்.

முதல் சதுரத்தில் ஆவரசு, நெருஞ்சி, ஒரு வேப்பங்கன்று, ஓரத்தில் ஒரு மருதோன்றி. எழுதினேன். இரண்டாவதில் உடை மரக்கன்று மட்டும். மூன்றாவதில் மருதோன்றி. ஐந்தாவதில் மருதோன்றி. ஒவ்வொன்றின் அடியிலும் மண் ஈரமாக இருந்தது. பதினெட்டு ஏக்கரில் ஒரு பத்துப் பன்னிரண்டு மருதோன்றி நின்றாலும், என்னுடைய சின்னச் சதுரம் அதில் ஒன்றின் மேல் விழுவது ஆயிரத்தில் ஒருமுறை கூட நடக்காது. மூன்று முறை விழுந்தால் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். நாடாவின் மற்ற முனை யாரிடம் இருந்தது?

"ராத்தா, உண்மையைச் சொல்லுங்கோ. உதுகளை நீங்கள்தானே நட்டனீங்கள்?"

"நான் நடேல்ல சேர். தானா வந்தது. தண்ணி மட்டும்தான் ஊத்தினன்."

"கம்பி வேலிக்கு உள்ளுக்க வேற ஆர் வந்து நடுறது? பேயே?"

"அப்பிடிச் சொல்லாதீங்கோ சேர்," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கத்திவிட்டு ஆறியிருப்பேன்.

நாடாவை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, கெப் வாகனத்தின் நிழலில் போய் இருக்கச் சொன்னேன். கைபேசியையும் நான் நம்பவில்லை. டாஷ்போட்டில் கிடந்த பிஸ்கட் பைக்கற்றில் அடித்திருந்த இலக்கத்தைப் பார்த்தேன். முதல் மூன்று இலக்கம் கிழக்கு, அடுத்த மூன்று வடக்கு. இதை எந்த மனிதனும் முன்கூட்டி அறிய முடியாது. மூலைக் கல்லில் நாடாவை மாட்டிவிட்டுத் தனியே அளந்து நடந்தேன். இடுப்பளவு நாயுண்ணிப் பற்றையைத் தாண்டிச் சதுரத்தைக் கீழே வைத்தேன்.

நடுவிலே நின்றது. என் நெஞ்சுயரம். இலைகள் காற்றில் திரும்பின. அதில் ஒரு பூவும் இல்லை, ஆனாலும் மருதோன்றிப் பூவின் வாசம் மூக்கை அடைத்தது. காற்று எனக்குப் பின்னால் இருந்து வீசியது, வாசம் முன்னால் இருந்து வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் காட்டில் நிற்கிறேன், யானைக்குப் பயந்திருக்கிறேன், கண்ணிவெடிக்குப் பயந்திருக்கிறேன். ஒரு செடிக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

பயம் வந்தால் எனக்கு இன்னும் கோபம் கூடும். வாகனத்தில் இருந்து அலவாங்குக் கம்பியை எடுத்துவந்தேன். நட்ட தடி என்றால் வெட்டிய அடி தெரியும், சின்னச் சல்லி வேர்தான் இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் ராத்தாவின் பொய் வெளிவரும் என்பது என் நினைப்பு. ஈர மண், நாலு குத்தில் இளகியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

அடியில் வெட்டு எதுவும் இல்லை. வந்தது ஒரு பழைய வேர்த் துண்டு. என் மணிக்கட்டுப் பருமன், கறுத்து முறுகியது, இரண்டு நுனியிலும் டோசர் தகடு பட்டு முறிந்த காயம் ஆறிப்போய் இருந்தது. அதன் முதுகிலிருந்துதான் இந்தச் செடி கிளம்பியிருந்தது. முப்பது வயது மரத்தின் வேர் அது. மேல்மண்ணைச் சீவும்போது ஒரு மரத்தின் வேர் துண்டு துண்டாகப் போய், பரப்பும்போது பதினெட்டு ஏக்கருக்கும் இறைந்து, இறைந்த இடமெல்லாம் முளைத்திருக்கிறது. ராத்தா பொய் சொல்லவில்லை.

நான் திரும்பினபோது அவர் பின்னால் நின்றார். என் கையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு மெதுவாக நிலத்தில் குந்தினார்.

"பிடுங்கிப் போட்டீங்களே சேர்."

"ராத்தா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் நட்டதெண்டு நினைச்சன்."

"நட்டதுதான். நான் இல்ல, எங்கட வீட்டுக்காரர் நட்டார்."

வேரை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். சொல்லும்போது அழவில்லை, வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பழைய விளாங்கேணி இந்த இடத்தில்தான் இருந்ததாம், முப்பது வீடு. மையவாடி, அதாவது அவர்களுடைய அடக்க நிலம், வீடுகளுக்குப் பின்னால். மகள் அஸீபாவுக்கு நாலு வயது. தொண்ணூறாம் ஆண்டு, காய்ச்சல், மூன்று நாள், மௌத்தாகிவிட்டாள்.

"எங்கட ஊரில பொம்பிளையள் மையவாடிக்குப் போறதில்ல சேர். ஆம்பிளையள்தான் கொண்டு போவாங்க. கபுறில, அடக்கின குழியில, ஒரு பச்சைக் கம்பு நடுவாங்க, அது பச்சையா நிக்கிறவரைக்கும் அல்லாஹ்வைத் துதிச்சு தஸ்பீஹ் ஓதும், உள்ளுக்க கிடக்கிறவருக்கு வேதனை குறையும் எண்டு. சின்னப் பிள்ளைக்கு வேதனை இல்ல, கம்பு தேவையில்ல எண்டு பள்ளி லெப்பை சொன்னார். ஆனாத் தனியாத்தானே கிடக்கப்போறாள். பக்கத்தில ஒரு பச்சை நிக்கட்டும் எண்டு நான்தான் முறிச்சுக் குடுத்தனுப்பினன். மழையில்லாத காலம், வளவில பச்சையா நிண்டது மருதோண்டி ஒண்டுதான்."

"பிறகு?"

"பிறகு அஞ்சாம் நாள் எங்களைப் போகச் சொல்லிப் போட்டாங்க. தெரியும்தானே சேர்."

எனக்குத் தெரியும். வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் துவக்கோடு வந்து போகச் சொன்னவர்கள் எங்கள் தமிழ் இயக்கத்து ஆட்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அடம்பனில் இருந்து நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த வெட்கம் இன்னும் எனக்குள்ளே கிடக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

புத்தளத்து அகதி முகாமில் கணவர் பைறூஸ் சொல்லிக்கொண்டே இருந்தாராம், பெரிய பாலை மரத்துக்குக் கிழக்கே, தனியாக இருக்கிற கபுறு, தலைமாட்டில் மருதோன்றி என்று. திரும்பிப் போனால் காட்டுகிறேன் என்றாராம். திரும்ப முன்னரே அவரும் போய்விட்டார். இருபது வருஷம் கழித்து நூர்ஜஹான் வந்தபோது எல்லாம் காடு. வீடுகளைக் காணோம், புது வீடுகளை அரை மைல் தள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு கிறவல் தோண்ட வேலி போட்டார்கள். தோண்டி முடிந்து கன்று நட ஆள் கேட்டபோது இவர் முதல் ஆளாகப் போனார்.

"வேலைக்கெண்டு போனா ஒருத்தரும் ஏன் போறா எண்டு கேக்கமாட்டாங்கதானே. வந்து பார்த்தா மருதோண்டி, ஒண்டில்ல, பதினொண்டு. எதுக்குக் கீழ அவள் எண்டு தெரியேல்ல. அதால எல்லாத்துக்கும் ஊத்துறன்." அவர் என் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "சேர், நீங்கள் படிச்ச ஆள். அந்தப் பாலை எங்க நிண்டது எண்டு உங்களுக்குத் தெரியுமா? ஒருக்கா அந்த இடத்தில நிண்டு ஸலாம் சொன்னாப் போதும் எனக்கு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மடிக்கணினி வாகனத்தில்தான் கிடந்தது. பழைய தாள்கள் அதற்குள் இருந்தன, நான் எழுதியவை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னர் நாற்பது புள்ளி. புள்ளி பதினான்கில் வந்து நின்றேன்.

"பாலை, பெரியது, ஒன்று. அதற்குக் கிழக்கே ஒன்பது மீற்றரில் மருதோன்றி, ஒன்று, உயரம் மூன்று மீற்றர், பூத்துள்ளது. பறவை மூலம் வந்திருக்கலாம். மனிதப் பயன்பாட்டு அடையாளம்: இல்லை."

என் எழுத்து. அந்த நாள் கூட ஞாபகம் வந்தது. நடுக்காட்டில் ஒற்றை மருதோன்றி நிற்கிறதைப் பார்த்து வியந்தேன். பக்கத்தில் மண் கொஞ்சம் மேடாக இருந்தது, கறையான் புற்று என்று நினைத்தேன். கபுறுகளில் அடையாளத்துக்கு நடுகிற மீஸான் கட்டைகளைக் கறையான் தின்றிருக்கும். அரை மைல் நடந்து போய் ஒரு வீட்டு வாசல் படலையில் நின்று, "உங்கட ஆக்கள் ஆரும் அந்தக் காட்டுக்குள்ள மருதோன்றி வைச்சவையோ?" என்று கேட்டிருந்தால் போதும். செடியைப் பற்றிச் செடியிடம் மட்டும் கேட்கப் பழகியவன் நான். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று "இல்லை" போட்டேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தோண்ட அனுமதி கொடுத்தார்கள்.

"ராத்தா, நான் கண்டனான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "தோண்டமுன்னம். பாலையையும் கண்டனான், அந்த மருதோன்றியையும் கண்டனான். மையவாடி எண்டு எனக்குத் தெரியேல்ல. ஒருத்தரும் பாவிக்காத இடம் எண்டு எழுதினன். பிழை என்ர."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"உயரமா நிண்டதா சேர்?"

"ஓம். என்னை விட உயரம். நல்லாப் பூத்து நிண்டது."

"பூத்துமா?" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அவள் தனியா இருக்கேல்ல."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாகனத்துக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடிக்கிற சாட்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.

புள்ளி பதினான்கின் அமைவிடம் தாளில் இருந்தது. கைபேசியைப் பார்த்து நடந்தோம், அவர் தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு எனக்குப் பின்னால். இடம் வந்தபோது எங்களுக்கு முன்னால் நிலம் இல்லை. மாடுகள் தண்ணீர் குடிக்கட்டும் என்று மூடாமல் விட்ட மூன்றாம் கிடங்கு அது. பதின்மூன்று அடிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர், ஒரு கொக்கு.

"இதுக்குள்ளயா?"

"இதுக்கு மேல, ராத்தா. தோண்டமுன்னம் நிலம் எங்கட தலை உயரத்தில கிடந்தது."

அவர் கிடங்கை எட்டிப் பார்த்தார். பிறகு தன் கையில் செடியோடு இருந்த வேரைப் பார்த்தார்.

"மேல்மண்ணைத்தானே சேர் திரும்பக் கொட்டினது? எத்தினை அடி மேல்மண்?"

"ஒண்டரை அடி."

"கபுறு அதை விட ஆழம்."

"ஓம்."

"அப்ப கீழ இருந்த மண் எங்க?"

"ராத்தா, முப்பது வருஷம். சின்னப் பிள்ளை. ஒண்டும் மிஞ்சியிருக்காது, மண்ணாத்தான் போயிருக்கும்."

"மண்ணைத்தான் நானும் கேக்கிறன். அந்த மண் எங்க?"

அதுவும் மடிக்கணினியில் இருந்தது. எந்தக் கிடங்கின் கிறவல் எங்கே போனது என்று கம்பெனி எழுதித்தான் வைத்திருக்கும். எனக்கு அது ஏற்கெனவே தெரியும், தாளைப் புரட்டும்போதே கண்ணில் பட்டுவிட்டது. தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒருமுறை "இல்லை" என்று எழுதியதே போதும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"விளாங்கேணிக்கு. உங்கட புது ஊர் றோட்டுக்கு. மூண்டாம் கிடங்கு முழுக்க முதலாம் ஒழுங்கைக்குப் போயிருக்கு."

அவர் வீடு முதலாம் ஒழுங்கையில். காலையில் அவரை ஏற்றியது அங்கேதான்.

கொக்கு பறந்து போனது. பிறகு அவர் மெல்லச் சொன்னார்.

"எங்கட படலையடியில ஒரு குழி கிடந்தது. நான்தான் டிப்பர்காரனைக் கூப்பிட்டு இன்னும் ரெண்டு சவள் போடுங்கோ தம்பி எண்டு கேட்டனான். அவையளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான் சேர்."

பிடுங்கிய செடியை வேரோடு திரும்ப அதே குழியில் நட்டோம். அவர் தண்ணீர் ஊற்றினார். படிவத்தில் "வெளிச் செடி: இல்லை" என்று எழுதினேன். அது பொய். "மனிதப் பயன்பாட்டு அடையாளம்" என்ற இடத்தில் "உண்டு, மையவாடி" என்று எழுதினேன். அது உண்மை, ஏழு வருஷம் பிந்தியது. வின்சன்ட் இதைப் பார்த்துவிட்டுத் துள்ளுவார், துள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாலை அவரை வீட்டில் விட வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். முதலாம் ஒழுங்கை தொடங்குகிற இடத்தில், "நிப்பாட்டுங்கோ சேர்," என்றார். இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். சிவந்த கிறவல் றோட்டை நுனி முதல் நுனி வரை பார்த்தார்.

"கபுறில கால் வைக்கக் கூடாது," என்றார், எனக்கு மன்னிப்புச் சொல்வது போல.

றோட்டை விட்டு இறங்கி ஓரத்து முள்ளுப் பற்றைக்குள்ளால் வெறுங்காலோடு நடந்தார். முந்தானை முள்ளில் கொளுவியது, எடுத்துவிட்டு நடந்தார். பள்ளிக்கூடம் விட்டுப் பந்தடித்துவிட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளில் றோட்டு முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு போனார்கள். அவர்களைத் தடுக்கிறது போலக் கையை உயர்த்தினார். என்ன சொல்வது என்று தெரியாமல் கையைக் கீழே விட்டார். நான் வாகனத்தை நிறுத்தியபடி இருந்தேன். முன்னே ஓட்ட எனக்கு மனம் வரவில்லை, இறங்கிப் போய் அவரோடு நடக்கவும் முகம் இல்லை. அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தன் படலைக்கு நேரே வந்ததும் நின்றார். வீடு றோட்டுக்கு மற்றப் பக்கம். நடுவில் பன்னிரண்டடிக் கிறவல். உள்ளே விளக்குப் போட்டாயிற்று, யாரோ வாசலில் நின்று "வாங்கோ உம்மா, நேரமாச்சு" என்று கூப்பிட்டார்கள். பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

பாங்கு முடிந்தது. நூர்ஜஹான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளுப் பற்றைப் பக்கமே நின்றார்.